கண்ணே மீட்டராம்!

"எனக்கெல்லாம் மீட்டரே வேண்டாம், கண்ணே மீட்டர்" என்று பெருமை பேசும் பழைய போட்டோக்காரர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இப்போது பழைய பிலிம் கேமராவைத் தேடி வாங்கும் பையன்களுக்கும் இதையே ஓதுகிறார்கள். நானும் அதை நம்பிக் கெட்டவன்தான்.

1986 சீசன். துபாயிலிருந்து மைத்துனர் கொண்டு வந்த பென்டாக்ஸ் கே 1000. ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு மரத்தடியில் அப்பா நின்றார். ஏஎஸ்ஏ 100 பிலிம். 1/30, எஃப் 4 வைத்தால்தான் முள் நடுவுக்கு வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு இவ்வளவு இருட்டா, மீட்டர் கெட்டுப்போச்சு என்று நானே தீர்ப்புச் சொல்லி 1/125, எஃப் 8 வைத்து அமுக்கினேன். நான்கு ஸ்டாப் குறைவு. அதாவது வேண்டிய வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான் பிலிமில் விழுந்தது. கழுவி வந்த நெகட்டிவில் அருவி மட்டும் லேசாகத் தெரிந்தது. அப்பா இல்லை. அடுத்த சாரலுக்கு நிஜத்திலும் அவர் இல்லை.

கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும் ஐயா! தியேட்டருக்குள் தடவிக்கொண்டு நுழைகிறோம், ஐந்து நிமிஷத்தில் பக்கத்து சீட்டுக்காரர் முகம் தெரிகிறது. வெளிச்சமா கூடியது? பிலிமுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நல்ல வெயிலுக்கு எஃப் 16, பிலிம் வேகமே ஷட்டர் வேகம் என்ற கணக்கு தென்காசி கோபுரத்துக்குச் சரி. அங்கே வெயில் காயும்போதே ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் குற்றாலத்தில் மேகம் இறங்கி நிற்குமே, அங்கே? கல்யாண மண்டபத்தில் வருஷம் முழுக்க ஒரே பிளாஷை அடித்தவருக்குக் கண் மீட்டர்தான், சந்தேகமில்லை.

மீட்டருக்கும் ஒரு குணம் உண்டு. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். பேரருவியின் வெள்ளைத் தண்ணீரை முழுக்கக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று குறைக்கச் சொல்லும், முன்னால் நிற்பவர் கரியாகிவிடுவார். அது பொய் இல்லை, நாம் கேட்ட கேள்வி தப்பு. நாலடி முன்னே போய் ஆளின் முகத்தை அளந்துவிட்டுத் திரும்பி வந்து எடுக்க வேண்டும். நம்ம ஊர் மாநிறம் ஏறக்குறைய அந்தச் சாம்பல்தான். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள், நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கும். குறைந்தால் ஒருவராலும் மீட்க முடியாது.

அந்த நெகட்டிவ் துண்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. டீக்கடையில் யாராவது "கண்ணே மீட்டர்" என்று ஆரம்பித்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவேன். எங்க அப்பா எங்கே, கண்டுபிடியும்!