வம்சத்துச் சர்க்கரையும் நம் முயற்சியும்

 

"அத்தாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கும் சர்க்கரை. எனக்கு வராமலா போகும்?" என்று கேட்போர் நம் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வீடுகளில் ஏராளம். கேட்டுவிட்டு, 'வருவது வரட்டும்' என்று தட்டை நிரப்பிக்கொள்கிறார்கள். இதனைத் தவக்குல் என்று எண்ணுவது பிழை. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்கக் கற்றுத்தந்த மார்க்கமல்லவா நம்முடையது?

இந்நோயில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே ஒரு மரபணு இதனை முடிவு செய்துவிடுவதில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து நாட்டத்தை உண்டாக்குகின்றன. வாழ்க்கை முறை அதனை நோயாக்குகிறது. சென்னை நகரில் 1989ஆம் ஆண்டு பெரியவர்களுள் 100க்கு 8.3 பேருக்கு இருந்த நீரிழிவு, 2004ஆம் ஆண்டு 14.3 பேருக்கு ஆயிற்று. 15 ஆண்டுகளில் வம்சம் மாறிவிடுமா? மாறியது நம் நடையும் உணவுமே.

கணையம் சுரக்கும் இன்சுலின், இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்தும் திறவுகோல் போன்றது. வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு மிகுந்தால் பூட்டு இறுகிவிடுகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து, பல ஆண்டுகள் போராடி, இறுதியில் களைத்துப் போகிறது. அந்நிலையில்தான் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தெரிய வருகிறது. உழைக்கும் தசையோ இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும்.

நம் பாட்டனார்கள் முல்லைப் பெரியாற்றுப் பாசன வயல்களில் குனிந்து நிமிர்ந்தார்கள். மலையேறி ஏலத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். இன்று தோட்டத்திற்கு ஜீப், கடைக்கு ஸ்கூட்டர். சோற்றின் அளவு மட்டும் அப்படியே நிற்கிறது.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆபத்துக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மொத்தம் 100 மதிப்பெண். வயது 35 முதல் 49 வரை 20; 50க்கு மேல் 30. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. தொட்டால் 10, 100 தொட்டால் 20. பெண்களுக்கு 80 தொட்டால் 10, 90 தொட்டால் 20. உடலுழைப்பே இல்லையெனில் 30. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10. இருவருக்கும் இருந்தால் 20. கூட்டுத்தொகை 60 ஆனாலோ தாண்டினாலோ உடனே இரத்தப் பரிசோதனை தேவை. கவனித்தீர்களா? வம்சத்துக்கு மிஞ்சிப் போனால் 20. இடுப்புக்கும் உழைப்பின்மைக்கும் சேர்த்து 50!

தாய்மார்கள் கவனிக்க: பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் தோல் கறுத்துத் தடித்திருந்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள். அது இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். பெண்மக்களுக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தாலும், கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கர்ப்பத்தோடு வந்த சர்க்கரை பிரசவத்தோடு மறைந்தாலும், ஆண்டுதோறும் பரிசோதித்தல் அவசியம்.

முயற்சிக்குப் பலன் உண்டா? டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களுள் மூன்றாண்டுகளில் 100க்கு 55 பேர் நோயாளியாயினர். உணவைத் திருத்தி, நடையை மேற்கொண்டவர்களுள் அது 39 மட்டுமே. முழுப் பாதுகாப்பு அன்று. ஆயினும் 100 பேரில் 16 குடும்பங்களின் நிம்மதி சிறிய காரியமா?

ஆகவே, பள்ளிவாசலுக்கு நடந்தே செல்லுங்கள். சோற்றைக் குறைத்துக் காய்கறி, பயறு, மீனைக் கூட்டுங்கள். நம் ஊர்ப் பன்னீர் திராட்சையைச் சாறாக்காமல் அளவோடு பழமாகவே உண்ணுங்கள். நோன்பு திறக்கும்போது கஞ்சியோடு நிறுத்தி, வடை, சமோசா, சர்பத்தைத் தவிருங்கள். மருந்து உட்கொள்வோர் ரமளானுக்கு முன்பே மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது கடமை.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நம் பிள்ளைகளுக்கு வம்சத்தோடு நல்ல பழக்கத்தையும் விட்டுச்செல்வோம், இன்ஷா அல்லாஹ்.