‘கூகுள் போட்டோஸ் இருக்கே, அது போதாதா?’

“எல்லாப் படமும் தானாகவே கூகுள் போட்டோஸில் ஏறிவிடுகிறது. தேடினால் கிடைக்கிறது. காசும் இல்லை. இதற்கு மேல் தனியாக ஒரு மென்பொருள் எதற்கு?” குடும்பப் படங்களைச் சொந்தக் கணினியில், டிஜிகாம் போன்ற கட்டற்ற மென்பொருளில் அடுக்கிவையுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் வரும் பதில் இது. சொல்பவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். ஆனாலும் இந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல.

முதலில் காசு. 2015 மே மாதம் கூகுள் போட்டோஸ் வந்தபோது, சற்றே சுருக்கிய தரத்தில் எத்தனை படங்களை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. இப்போது மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபி, நிரம்பினால் சந்தா. படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கரும் 2013இல் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாகத் தந்தது. கைமாறிய பின், 2018இல், இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் என்று அறிவித்தது. நிறுவனம் கட்டணம் கேட்பதை நான் குறைசொல்லவில்லை. பத்தாண்டுப் படங்களை ஏற்றிய பிறகு விதி மாறினால், நம்மால் பேரம் பேச முடியாது என்பதுதான் கவலை. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை: காசில்லாத இலவசம் வேறு, மூலநிரல் திறந்திருந்து யாரும் எடுத்து நடத்தக்கூடிய கட்டற்றது வேறு.

“பின்னால் ஒரு கம்பெனி இல்லாத மென்பொருள் நாளைக்கு இருக்குமா?” என்பது அடுத்த கேள்வி. படங்களை அடுக்கும் பிக்காசா என்ற மென்பொருளுக்குப் பின்னால் கூகுளே இருந்தது. 2004இல் வாங்கி, இலவசமாகக் கொடுத்து, 2016 மார்ச்சில் கைவிட்டது. மூலநிரல் மூடியே இருந்ததால் வேறு யாரும் அதை எடுத்து நடத்த வழியில்லை. டிஜிகாம் 2001இல் தொடங்கியது. தொடங்கிய ரெஞ்சி ராஜு விலகிய பிறகும் பிரான்சின் ஜில் கோலியே போன்றவர்கள் அதை இழுத்துச் செல்கிறார்கள். புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. கட்டற்ற மென்பொருளும் நின்றுபோவதுண்டு. லினக்ஸில் பலர் பயன்படுத்திய எஃப்-ஸ்பாட் அப்படி நின்றதுதான். ஆனால் அதன் படத்தொகுப்பை இறக்கிக்கொள்ளும் வசதி ஷாட்வெல் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருளில் வந்தது.

“முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்குமா?” கண்டுபிடிக்கும். 2020இல் வந்த டிஜிகாம் 7ஆம் பதிப்பிலிருந்து ஆழ்கற்றல் முறையில் முகங்களை அடையாளம் காண்கிறது. சில சமயம் அக்காவையும் தங்கையையும் குழப்பும்; பழைய கணினியில் மெதுவாகத்தான் ஓடும். ஆனால் எல்லாம் நம் கணினிக்குள்ளேயே நடக்கிறது. படம் வெளியே போவதில்லை.

முகத்தைவிடப் பெரிய விஷயம் பெயர். கல்யாணப் படத்தில் ஓரமாக நிற்பவர் யார் என்று எந்த இயந்திரமும் தானாகச் சொல்லாது. தெரிந்தவர் சொல்லி, யாராவது எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதிய பெயர் எங்கே தங்குகிறது? பிக்காசாவில் முகங்களுக்கு இட்ட பெயர்கள் இயல்புநிலையில் தனிக் கோப்புகளில் கிடந்தன. கூகுள் போட்டோஸிலிருந்து மொத்தமாக இறக்கினால், நாம் எழுதிய குறிப்புகள் படத்தோடு ஒட்டாமல் ‘ஜேசான்’ கோப்புகளாகத் தனியே வருகின்றன. டிஜிகாமின் அமைப்புகளில் ஒரு தேர்வைச் செய்துவிட்டால், பெயரும் ஊரும் குறிப்பும் எக்ஸ்எம்பி என்ற பொதுத் தரத்தில் படக்கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். ‘பெரியம்மா’, ‘குலதெய்வம் கோவில்’ என்று தமிழிலேயே எழுதலாம். நாளை டிஜிகாமே இல்லாமல் போனாலும், அந்தத் தரத்தைப் படிக்கும் எந்த மென்பொருளும் அந்தப் பெயர்களைக் காட்டும். நான் இதன் பக்கம் நிற்பதற்கு இந்த ஒன்றே போதும்.

பகிர்வதைப் பற்றி. அப்பா காலமான மறுநாள், மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடினோம். நல்ல சிரிப்போடு ஒன்று குடும்ப அரட்டைக் குழுவில் இருந்தது. ஸ்டுடியோக்காரர் பார்த்துவிட்டு, “இதைப் பெரிசு பண்ணினா முகம் உடைஞ்சிடும் சார், ஒரிஜினல் இருக்கா?” என்றார். எடுத்த போனை அண்ணன் மாற்றி இரண்டு வருடமாகியிருந்தது. அரட்டைச் செயலிகள் பொதுவாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகின்றன. எடுத்த நாள், இடம் போன்ற உட்குறிப்புகளையும் உதிர்த்துவிடுகின்றன. அனுப்பினோம் என்ற திருப்தியில் மூலப்படத்தைத் தொலைத்துவிடுகிறோம். இதற்கும் வழி உண்டு: 2002 முதல் வளர்ந்துவரும் பிவிகோ, அண்மையில் வந்த இம்மிச் இரண்டும் படம் பகிரும் கட்டற்ற மென்பொருள்கள். வீட்டிலேயே ஒரு கணினியில் நிறுவி, மூலப்படத்தையே உறவினருக்குத் திறந்துவிடலாம். ஆனால் இவற்றை நிறுவக் கொஞ்சம் கணினி அறிவு வேண்டும். கணினி எப்போதும் ஓட வேண்டும். எல்லோராலும் முடியும் என்று சொல்ல மாட்டேன். டிஜிகாம் அப்படியல்ல. விண்டோஸில் மற்ற மென்பொருள்களைப் போலவே நிறுவிக்கொள்ளலாம்.

“வீட்டு ஹார்ட் டிஸ்க் போய்விட்டால்?” இதில் எதிர்த்தரப்பு சொல்வது முழுக்க நியாயம். டிஸ்க் ஒருநாள் போகத்தான் போகும். அதனால் வெளி டிஸ்க்கில் ஒரு நகல், வேறு வீட்டில் இன்னொரு நகல் கட்டாயம். மேகச் சேவையை அந்த நகல்களில் ஒன்றாக வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஒரே பிரதியாக வைப்பதுதான் ஆபத்து. மருத்துவருக்கு அனுப்பத் தன் குழந்தையைப் படமெடுத்த ஓர் அமெரிக்கத் தந்தையின் கூகுள் கணக்கு முடக்கப்பட்டதையும், அவர்மீது குற்றமில்லை என்று காவல்துறை முடித்த பிறகும் கணக்கு திரும்பாததையும் 2022இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தக் கணக்கில் இருந்த குடும்பப் படங்களும் போயின.

வீட்டில் எண்பதைத் தொட்ட பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய படங்களைக் கணினியில் திறந்துவைத்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொருவரையும் காட்டி யார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதிவையுங்கள்.