பென்சிற்கரியும் நீராவியும்

பென்சிற்கரி ஏன் வழுக்குகின்றது என்று நம் மாணவரை வினவினால், யாவரும் ஒரே விடையை ஒப்பிப்பர். அதன் அணுக்கள் ஏடேடாய் அடுக்கப்பட்டுள்ளன. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் உள்ள பிணைப்பு வலிமை குன்றியது. ஆதலின் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றது. இவ்விடைக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆயினும் இது பாதி உண்மையே என்பதும், மறுபாதியைச் சொல்லாது விடுதல் பௌதிகம் கற்பிப்போர்க்குத் தகாது என்பதும் எமது கருத்து.

ஏடுகள் உள்ளமை மெய்யே. ஓர் ஏட்டினுள் அண்டை அணுக்களுக்கு இடைத்தூரம் 1.42 ஆங்ஸ்ட்ராம், ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடைத்தூரமோ 3.35. திருவானைக்காவிற் பிறந்த ராமனை நம் ஊரார் மறவார். 1928-ல் அவரோடு உடனிருந்து ஆராய்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் இக்கரியை ஆராய்ந்தார் என்பதைப் பலர் அறியார். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆகிய இரு மிஷன் கலாசாலைகளிற் பயின்ற அவர், ஏட்டின் வழியே மின்சாரம் எளிதிலும், ஏடுகளின் குறுக்கே மிக அரிதிலும் பாய்வதைக் கங்குலி என்பாருடன் 1939-ல் வெளியிட்டார்.

ஆனால் ஏடுகள் மட்டுமே வழுக்கலுக்குப் போதுமாயின், இரண்டாம் உலகயுத்தத்தில் நேர்ந்த தொல்லை நேர்ந்திராது. ஆகாய விமானங்களின் டைனமோக்களில், சுழலும் செம்பின்மீது உராய்ந்து மின்சாரத்தை வாங்கும் கார்பன் பிரஷ்கள் உண்டு. தரைக்கு அருகில் நெடுநாள் உழைத்த அவை, மிக்க உயரத்தில் சில மணி நேரத்திற்குள் பொடியாய்த் தேய்ந்துபோயின. குளிரா, காற்றின் மென்மையா, மின்பொறியா என்று ஐயுற்றுத் தேடினர். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த சாவேஜ் என்பார் 1948-ல் காரணத்தை விளங்க வைத்தார். அங்கே இல்லாதது நீராவி! வெற்றிடத்தில் உராயவிட்டபோது கரி பற்றிக்கொண்டு தேய்ந்தது; சிறிதளவு நீராவியை உள்ளே விட்டதும் தேய்மானம் அடங்கிற்று.

இதன் இயல்பை நுணுகி நோக்குக. உராயும்போது ஏடுகள் முறிகின்றன. முறிந்த ஓரத்து அணுக்கள் பற்றுக்கோடின்றித் தவித்து, எதிரே வருவதை இறுகப் பிடிக்கின்றன. நீர் மூலக்கூறுகள் அவ்வோரங்களில் வந்தமர்ந்து, அவற்றின் பசியை ஆற்றிவிடுகின்றன. பின்னரே ஏடுகள் தடையின்றிச் சறுக்கும். பூட்டிற் பென்சிற்கரித் தூளை இட்டுத் திறப்பவர், காற்றின் உதவியையும் உடன் பெறுகின்றார். அஃது எவர்க்கும் தோன்றுவதில்லை.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே கிடக்கும் ஸ்ரீரங்கத்தில் இது தோன்றாதது வியப்பன்று. சித்திரை நடுப்பகலில் மலைக்கோட்டைப் பாறை கொதிக்கும்போதுங்கூட, ஈரமானி என்ன குறைவு காட்டினும், அவ்வெப்பக் காற்றிலுள்ள நீராவி கரிக்குப் போதியதே. நம் ஊர்க் காற்று கேளாமலே கொடுத்துவிடுகின்றது. அதனாற் பாடப்புத்தகத்தின் அரைவிடை இங்கே என்றும் பொய்க்காமல் உலவுகின்றது.

இனி மறுபுறம் காண்போம். மாலிப்டினம் டைசல்பைடு என்பதும் ஏடேடாய் அமைந்த கரும்பொருளே. ஏடுகளே காரணமெனின், இதுவும் கரியைப் போலவே நடத்தல் வேண்டும். நடப்பதோ நேர்மாறு. வெற்றிடத்தில் மிக நன்கு வழுக்கும் இது, ஈரக்காற்றில் உராய்வு மிகுந்து விரைவில் தேய்கின்றது. 1989-ல் வியாழக் கிரகத்தை நோக்கி ஏவப்பட்ட கலிலியோ விண்கலத்தின் பெரிய அலைவாங்கி, 1991 ஏப்ரலில் குடைபோல விரிய வேண்டியிருந்தது, முழுதும் விரியவில்லை. கம்பிகளைப் பிடித்திருந்த ஊசிகளில் இவ்வகை உலர்ந்த பூச்சு தேய்ந்துபோயிற்று என்றும், அமெரிக்காவின் குறுக்கே லாரியில் ஏற்றிச் சென்ற பயணங்களின் அதிர்ச்சியே அதற்கு ஏது என்றும் ஆராய்ந்தோர் கருதினர். விண்ணிற்கென இட்ட பூச்சு மண்ணின் காற்றிலேயே தன் ஆயுளைச் செலவிட்டது போலும்!

ஆகவே எந்த உராய்வெண்ணும் பொருளுக்கு மட்டும் உரியதன்று. பொருளும் காற்றும் சேர்ந்து தருவது அது. நம் ஆய்வுக்கூடத்துக் குறிப்பேட்டிலோ சாய்தளப் பரிசோதனைக்கு நிறையும் கோணமும் எழுத இடமுண்டு. அன்றைய ஈரத்தை எழுத இடமில்லை. பாடத்திட்டம் கேட்கவில்லை என்பர் ஆசிரியர். நியாயமே, ஆயின் சுவரிலே தொங்கும் ஈரமானியைப் பார்க்க அரை நிமிஷம் போதும். முதல் வகுப்பார் வரும் ஆண்டில் ஒரு பத்தியைக் கூட்டிக் கோடிடட்டும். டைசல்பைடு தடவிய தகட்டைச் சித்திரையில் ஒருமுறையும், ஐப்பசி அடைமழையில் ஒருமுறையும் அதே சாய்தளத்தில் வைத்துப் பார்க்கட்டும். கரிக்கு மட்டும் பருவம் பார்த்துப் பயனில்லை. அதற்கு மூடிய சாடியும் கால்சியம் குளோரைடும், கூடுமாயின் காற்றிறைக்கும் பம்பும் வேண்டும். வேண்டிய கரி சிவகங்கைச் சீமையின் மண்ணிலேயே கிடக்கின்றது.