பல் டாக்டருக்கு ஒரு புதிய குமாஸ்தா!

பல் டாக்டர் பேசுகிறார். யந்திரம் கேட்டுக் குறிப்பு எழுதிவிடுகிறது! ‘செயற்கை நுண்ணறிவு’ என்கிறார்கள். மேல்நாடுகளில் பரவிய இது, நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துவிட்டது.

வசதிதான். கையுறை போட்ட கையால் டாக்டர் பேனா பிடிக்க வேண்டாம். ஆனால் ஆபத்தும் உண்டு.

பற்களுக்கு எண் உண்டு. கீழ் வரிசையில், இடது பக்கத்து முதல் கடைவாய்ப் பல் 36. வலது பக்கத்தில் அதே பல் 46. முப்பத்தாறு, நாற்பத்தாறு! ஏறக்குறைய ஒரே ஓசை. யந்திரம் மாற்றி எழுதினால்?

நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் ஆஸ்பத்திரியில் இன்று பார்ப்பவர் ஒருவர். அடுத்த வாரம் பல்லைப் பிடுங்குபவர் வேறொருவர். குறிப்பை நம்பித்தான் அவர் குறடை எடுக்கிறார். ஏலத்தோட்டத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போடிக்கு மலையிறங்கி வரும் பெண், நல்ல பல்லையும் பறிகொடுக்க நேரும்.

யாரும் சொல்லாததையும் யந்திரம் எழுதும்! பேச்சை எழுத்தாக்கும் ‘விஸ்பர்’ என்ற கருவியை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். முடிவு 2024-ல் வெளிவந்தது. நூறு ஒலிப்பதிவுகளுக்குச் சுமார் ஒன்றில், பேசாத பேச்சு இருந்தது.

போடியில் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஆனாலும் சாம்பிள் காயைப் பார்க்காமல் எந்த வியாபாரி விலை கேட்பார்? டாக்டரும் குறிப்பைப் படித்து, திருத்தி, கையெழுத்திட வேண்டும். நோயாளி நாற்காலியை விட்டு எழும் முன்பே!

பதிவான பேச்சு யாரிடம் போகிறது? இதையும் கேளுங்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலோ மலையாளத்திலோ பெற அதில் வழி இருக்கிறது. புரியாத ஆங்கிலத் தாளில் கைநாட்டு வைக்க வேண்டியதில்லை.