கிழங்கு தோண்டியவன் கண்ட கிண்ணம்

1868ஆம் ஆண்டு. அயர்லாந்தில் லிமரிக் மாவட்டத்து ஆர்டா என்னும் ஊருக்கருகே, குத்தகை நிலமொன்றில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான் ஓர் இளைஞன். மண்ணிலிருந்து வெளிப்பட்டது ஒரு வெள்ளிக் கிண்ணம்! 8ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. 350க்கும் மேற்பட்ட உறுப்புகளை இணைத்துச் செய்த அற்புதம். அதைப் பெற்றுக்கொண்ட பிஷப் அக்குத்தகைக் குடும்பத்துக்குக் கொடுத்தது 50 பவுன். பின்னர் டப்ளினிலுள்ள ராயல் ஐரிஷ் அகாடமியிடம் அவர் பெற்றது 100 பவுன். வியர்வை சிந்தியவனுக்குப் பாதி, இடையில் நின்றவருக்குப் பாதி! கணக்கு எப்படி, தோழர்களே?

பழங்கதை பேசுவதற்காக இதை நாம் சொல்லவில்லை. மண்ணுக்குள் இருப்பதை முதலில் காண்பவன் மண்ணில் உழைப்பவன். அதைப் பற்றிய சேதியைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருபவனும் அவனே. அவனைக் கேட்டு, அவன் பெயரோடு எழுதி வைக்காத வரலாறு அரைகுறை வரலாறு என்கிறோம் நாம்.

ஒருமுறை கேட்கத்தான் கேட்டார்கள். எதற்காக? வரிக்காக! 1824இல் பிரிட்டிஷ் சர்க்கார் நிலவரியைச் சீராக்க அந்நாட்டை அளக்கத் தொடங்கியது. அந்த இலாக்காவில் சேர்ந்த ஜான் ஓடோனவன், குடியானவர் வீட்டுப் பிள்ளை. மாவட்டம் மாவட்டமாக நடந்தார். இந்த மேட்டுக்கு என்ன பெயர், அந்த ஊற்றுக்கு என்ன கதை என்று கிழவர்களைக் கேட்டுக் கேட்டுக் கடிதங்களாக எழுதிக் குவித்தார். படத்தில் ஏறியதோ ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு வளைக்கப்பட்ட பெயர்கள்! ஊர்க்கதைகளையும் பழஞ்சின்னங்களையும் தொகுத்து அச்சிடும் வேலை 1837இல் டெம்பிள்மோர் என்னும் ஒரே வட்டாரத்தோடு நின்றது. செலவு அதிகமாம்! 1845இல் பஞ்சம் புகுந்தது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். ஓடோனவனுக்குக் கதை சொன்ன வாய்களில் எத்தனை அதில் அடைபட்டனவோ!

தன்னாட்சி பெற்ற அயர்லாந்து என்ன செய்தது? 1937இல் நாட்டார் வழக்காற்று ஆணையம், பண்டிதர்கள் மட்டும் போதாதென்று பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டது. வாரக் கட்டுரைக்குப் பதிலாக, 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பாட்டனையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்டு எழுத வேண்டும். ஊர்ப்பெயர், பழஞ்சின்னம், புதைந்த செல்வம், கொல்லன் பட்டறை எல்லாம் தலைப்புகள். 26 மாவட்டங்களில் 5,000 பள்ளிகள். 50,000க்கு மேற்பட்ட பிள்ளைகள். 1939க்குள் சேர்ந்த பக்கங்கள் சுமார் 7,40,000. பல ஏடுகளில் சொன்னவர் பெயரும் வயதும் இருக்கின்றன. இன்று இணையத்தில் யாரும் படிக்கலாம்.

புதையலைக் கரும்பூனை காக்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே என்று படித்தவர்கள் சிரிக்கக்கூடும். நாமும் பூனையை நம்பவில்லை. ஆனால் வயல் நடுவே கிடக்கும் வட்ட மண்கோட்டைகளில் மாயக் குறுமனிதர் வாழ்கிறார்கள் என்ற பயம்தான் அவற்றில் பலவற்றின்மீது ஏர் ஏறாமல் காத்தது. அந்த நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. எழுதி வைக்க வேண்டும்.

2006இல் டிப்பரேரி மாவட்டத்துச் சதுப்பில் மண்வெட்டும் இயந்திரம் ஓட்டிய தொழிலாளி, பழைய நூலொன்று கிடக்கக் கண்டார். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் தோலில் எழுதப்பட்ட விவிலியச் சங்கீத நூல் அது. அவர் அதை ஈர மண்ணால் மூடிவிட்டுச் சேதி அனுப்பினார். மூடியதால்தான் நூல் பிழைத்தது என்று நிபுணர்களே சொன்னார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடையவர் தெரியாத பழம்பொருள் அரசுக்கு உரியது. கண்டவருக்குப் பரிசளிக்கவும் அதில் இடமுண்டு. ஆர்டாவில் நடந்த வியாபாரம் இந்த முறை நடக்கவில்லை.