மலைக்காட்டில் ஒரு பகல் நடை

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பத்து நாளும் நமக்குத்தான் பரீட்சை! டி.வி., செல்போன், மறுபடியும் டி.வி. "எங்கேயாவது கூட்டிட்டுப் போம்மா" என்று நச்சரித்தால் ஏரியில் படகு, பூங்காவில் போட்டோ, வர்க்கி வாங்கக் கடைவீதி, அதோடு சரி. மலைக்குப் போய் மலையைப் பார்க்காமலே திரும்புகிறோம். இந்தத் தடவை ஒரே ஒரு பகல், காட்டுக்குள்ளே காலார நடந்துவிட்டு வாருங்களேன். திட்டம் போடுவது நம் வேலை. அதை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் எட்டு வயதுப் பிள்ளையும் நடக்கும், அறுபது வயது மாமியாரும் நடப்பார்.

எங்கே போவது? கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்குக் கோத்தகிரி கைக்கெட்டும் தூரம். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர்தான். ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. ஏறக்குறைய 116 ஹெக்டேர். நம் 'சோலை' என்ற சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் 'ஷோலா' என்று எடுத்துக்கொண்டார்கள். குட்டையான மரங்கள், கிளையெல்லாம் பாசி, உள்ளே நுழைந்தால் நடுப்பகலிலும் குளுகுளு. மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் கிராமங்களுக்கு மெல்ல மெல்லக் கசிய விடுகிறது இந்தக் காடு. அதனால்தான் 2024-ல் ராம்சார் பட்டியலில் இதற்கு இடம் கிடைத்தது. சதுப்பு நிலங்களுக்கும் நீர்நிலைகளுக்கும் உலக அளவில் கொடுக்கிற அங்கீகாரம் அது.

முதல் வேலை அனுமதி. காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு நுழையக் கூடாது. 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 23 உயிர்கள் போயின. போனவர்களில் பெண்கள் நிறையப் பேர். அதற்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை அறிவித்தது. சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். லாங்வுட் சோலையும் அந்தப் பட்டியலில் உண்டு. இன்டர்நெட்டில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். கட்டணம், பிள்ளைகளுக்கான வயது விதி, பாதை திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் நீலகிரிக்கு இ-பாஸ் விவரத்தையும் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது காலம். அக்டோபர், நவம்பரில் கோத்தகிரிப் பக்கம் நல்ல மழை, மண்சரிவுப் பயமும் உண்டு. பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் வரை தீ பிடிக்கும் காலம். அப்போது பாதைகளை மூடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், டிசம்பர் கடைசியிலிருந்து பொங்கல் லீவு வரை ரொம்பத் தோது.

எவ்வளவு தூரம்? தெருவில் ஒரு மணி நேரத்தில் நாலு கிலோமீட்டர் நடப்பவர்கள், பிள்ளைகளோடு காட்டில் இரண்டுதான் நடப்பார்கள் என்று கணக்கு வையுங்கள். மூன்று, நாலு கிலோமீட்டர் போதும். காலை எட்டரை, ஒன்பதுக்குள் நடையைத் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்துவிட வேண்டும். மலையில் மத்தியானத்துக்கு மேல் எந்த நேரமும் மூடுபனி இறங்கும்.

அதிகாலையில் வளைவு ரோட்டில் ஏறும்போது பிள்ளைகளுக்குக் குமட்டும். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. இரண்டு இட்லி, வாயில் ஒரு துண்டு இஞ்சி மரப்பா, போதும். கையில் எடுத்துப் போக மிளகாய்ப்பொடி தடவின இட்லி, புளியோதரை, பால் கூடுதலாக ஊற்றிப் பிசைந்த தயிர்சாதம், கடலைமிட்டாய், வாழைப்பழம். எவர்சில்வர் டப்பாவும் வாழை இலையுமே நல்லது. நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் பைக்கும் தடை. தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். பழத்தோலைக்கூடக் காட்டில் போடாமல் வீட்டுக்கே கொண்டுவாருங்கள். குரங்குக்குத் தீனி கொடுக்கவே கூடாது.

புடைவையை விட சுடிதார் சௌகரியம். முழுக்கால் சட்டை, நீளமான சாக்ஸ், பழகின ஷூ. புது ஷூ வேண்டாம், கொப்புளம் போடும். ஸ்வெட்டர், குடை, டார்ச், மாமியாரின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், இரண்டு நாப்கின், கழிவு போட ஒரு காகிதப் பை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் சோதனை. கைக்கு ஒரு கம்பு இருக்கட்டும்.

நடக்கும்போது வழிகாட்டி முன்னால், அவருக்குப் பின்னால் நம்மில் மெதுவாக நடப்பவர், பிள்ளைகள் நடுவில், கடைசியில் ஒரு பெரியவர். மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். காட்டெருமையும் கரடியும் உள்ள மலை இது. சத்தம் போடாமல், ஒட்டி நடக்க வேண்டும். தூரத்தில் கண்டால் ஓடாமல் அப்படியே நின்று, வழிகாட்டி சொல்வதைச் செய்ய வேண்டும். அட்டை கடித்தால் பதறிப் பிய்க்காதீர்கள். நகத்தால் நெம்பி விட்டால் விழுந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-க்குச் சொல்லி, நேரே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். மந்திரிக்கிறேன், பச்சிலை தருகிறேன் என்று யாரும் நேரத்தைக் கடத்த விடாதீர்கள்.

வழிகாட்டி "இதுக்கு மேல வேண்டாங்க" என்றால் திரும்பிவிடுவதுதான் மரியாதை. "இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டோமே" என்று வீட்டு ஆண்கள் முனகலாம். நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. காடு எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த வருஷமும் இருக்கும்.

சகோதரிகளே, இன்னொன்று. பிரயாணம் என்றால் எல்லோர் மூட்டையும் நம் தோளில் ஏறிவிடும். குருவி கூவுவதை மற்றவர்கள் கேட்பார்கள், நாம் டிபன் டப்பாவை எண்ணிக்கொண்டிருப்போம்! முதல் நாள் இரவே ஆளுக்கொரு பையில் அவரவர் சாப்பாடு, தண்ணீர், ஸ்வெட்டரைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை தன் தண்ணீரைத் தானே சுமக்கும். எங்கள் வீட்டில் இப்படித்தான். முதலில் முகம் சுளித்த வீட்டுக்காரர், "பை கனமாவே இல்லையே" என்று அவரே சொன்னார். "நேத்து வரைக்கும் ஏழு பையும் சேர்ந்து என் தோளில்தானே இருந்தது" என்றேன்.

வீடு திரும்பியதும் வெந்நீரில் குளித்து, துணிகளை உடனே ஊற வையுங்கள். பிள்ளைகளின் காது மடல், அக்குள், இடுப்பு மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், முக்கியமாக உடம்பில் சிகரெட் சுட்டது போல் கறுத்த பொருக்கு தெரிந்தால், "காட்டுக்குப் போய் வந்தோம்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். புதரில் இருக்கும் சின்னப் பூச்சியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். அசட்டையாக விட்டால் ஆபத்து. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டியது, கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்த நாம்தான்.