அலைக்கற்றை இருந்தது, கைபேசி இல்லை

2010 ஜூன் 11 அன்று கம்பியில்லா அகண்ட அலைவரிசை ஏலம் முடிந்தபோது, தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையின் விலை 2,069 கோடி ரூபாயில் வந்து நின்றது. ஏர்செல்லும் இன்ஃபோடெல்லும் அந்த விலைக்கு எடுத்தன. ஏலத்தில் கலந்துகொள்ளாத பிஎஸ்என்எல்லுக்கும் அதே விலைதான். அதற்கு முன்கூட்டியே அலைக்கற்றை ஒதுக்கப்பட்டிருந்தது. ஏலத்தில் என்ன விலை படிகிறதோ அதைக் கட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. டெல்லி, மும்பை நீங்கலான 20 வட்டங்களுக்காக 8,313 கோடி ரூபாயை அது கட்டியது. 2014இல், தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு வட்டங்களின் அலைக்கற்றையை ஒப்படைத்ததற்கு ஈடாகச் சுமார் 6,725 கோடி ரூபாயைத் திருப்பித் தர மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த நான்கு ஆண்டுகளில் கைநழுவிய வாடிக்கையாளர்களை யாரும் திருப்பித் தரவில்லை.

பிஎஸ்என்எல் நம்பியது வைமேக்ஸ் என்ற தொழில்நுட்பத்தை. இன்டெல் நிறுவனம் முன்னின்று வளர்த்த அது, வைஃபை பிறந்த கணினி உலகத்தின் பிள்ளை. போட்டியாக வந்த எல்டிஇ, ஜிஎஸ்எம் வழிவந்த செல்பேசி உலகத்தின் பிள்ளை. இரண்டின் உள்ளேயும் ஓடும் அடிப்படை நுட்பம் ஏறக்குறைய ஒன்றே: அலைவரிசையை நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தரவை ஏற்றி அனுப்புவது. வைமேக்ஸ் மூன்றாண்டுகள் முந்திக்கொண்டு சந்தைக்கு வந்தது. தென்கொரியாவில் 2006இலேயே அதன் உறவுமுறையான வைப்ரோ சேவை தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஸ்பிரின்ட் 2008இல் பால்டிமோர் நகரில் வைமேக்ஸைத் தொடங்கியது. எல்டிஇ சேவை ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் முதன்முதலாகக் கிடைத்தது 2009 டிசம்பரில்தான்.

முந்தி வந்தது ஏன் தோற்றது? ஆட்டம் ஆய்வகத்தில் முடிவாகவில்லை. 2007 நவம்பரில் அமெரிக்காவின் வெரைசன் எல்டிஇயைத் தேர்ந்தெடுத்தது. அந்த நிறுவனம் அதுவரை ஓட்டியது ஜிஎஸ்எம்முக்கு எதிரணியான சிடிஎம்ஏ. எதிரணியின் பெரிய ஆளே இந்தப் பக்கம் வந்தபின், சிடிஎம்ஏவின் வாரிசாகத் தான் உருவாக்கிவந்த தொழில்நுட்பத்தை அடுத்த ஆண்டே குவால்காம் கைவிட்டது. அனுப்பவும் பெறவும் தனித்தனிப் பட்டை இல்லாத, ஜோடியில்லாத அலைக்கற்றையில் ஓடும் எல்டிஇ வடிவமான டிடி-எல்டிஇக்குச் சைனா மொபைல் தோள்கொடுத்தது. இத்தனை கோடி வாடிக்கையாளர்கள் போகும் திசையில்தான் சில்லு செய்பவரும் கைபேசி செய்பவரும் போவார்கள். கைபேசி பெருகினால் விலை இறங்கும். விலை இறங்கினால் கூட்டம் இன்னும் சேரும். வைமேக்ஸ் பக்கம் கோபுரங்கள் இருந்தன, வாங்கி மாட்டிக்கொள்ளக் கருவிகள் பெருகவில்லை.

இந்திய ஏலத்தின் விதி, எந்தத் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்தலாம் என்று விட்டிருந்தது. அந்த நெகிழ்வைத் தனியார் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். குவால்காம் டிடி-எல்டிஇக்கு வழிதிறக்கவே 4,912 கோடி ரூபாய் கொடுத்து நான்கு வட்டங்களை வாங்கியது. 22 வட்டங்களையும் வென்ற இன்ஃபோடெல்லின் 95 சதவீதப் பங்கை 4,800 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக ரிலையன்ஸ் அறிவித்ததும் ஏலம் முடிந்த அதே நாளில்தான். பிறகு அந்நிறுவனம் காத்திருந்தது, 2016 செப்டம்பரில் ஜியோ வரும் வரை. அவ்வளவு காலம் பணத்தை முடக்கிவைக்கப் பெரிய முதலாளியால் முடியும். கிராமத்துக்கு இணையம் உடனே வேண்டும் என்ற நெருக்கடியில் இருந்த பொதுத்துறை நிறுவனம், அன்று தயாராகக் கிடைத்ததை வாங்கியது. அதற்காக அதன் பொறியாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதில் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. ஸ்பிரின்டும் வைமேக்ஸில் தோற்றது; 2015 நவம்பரில் அதை மூடத் தொடங்கியது. ஆனால் 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை விடவில்லை. 2020இல் ஸ்பிரின்ட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்ட டி-மொபைல், அதே அலைக்கற்றையின் மீதுதான் தன் 5ஜி வலையமைப்பின் முதுகெலும்பைக் கட்டியது. தொழில்நுட்பம் பத்தாண்டில் போய்விடும், அலைக்கற்றை எங்கும் போகாது. பிஎஸ்என்எல் ஆறு வட்டங்களில் ஒப்படைத்ததும் அதே 2.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இருந்ததுதான்.

நிறுவனங்களின் நட்டத்தை அவர்களின் கணக்குப் புத்தகம் சொல்லும். வாடிக்கையாளரின் நட்டத்தை யார் எழுதுகிறார்கள்? என் மேசை இழுப்பறையில் ஒரு சிடிஎம்ஏ டேட்டா கார்டு இன்னும் கிடக்கிறது. அதை விற்ற நிறுவனம் சேவையை நிறுத்தியதும், வேறெந்த வலையமைப்பிலும் சேராத பிளாஸ்டிக் துண்டாக அது மாறிப்போனது. ஒரு சேவையை மூடுபவர் அதற்கென்றே விற்ற கருவிக்கு மாற்று தந்தாக வேண்டும் என்று நம் ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயப்படுத்த வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தியா மறுபடியும், வைமேக்ஸும் எல்டிஇயும் பிரிந்ததுபோன்ற தரப் பிளவின் விளிம்புக்குப் போனது. ஐஐடி சென்னை, ஐஐடி ஹைதராபாத் ஆய்வாளர்களின் உழைப்பில் உருவான 5ஜிஐ என்ற தரத்தை, இந்தியாவின் தொலைத்தொடர்புத் தர அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ முன்வைத்தது. அதன் நோக்கம் மிக நியாயமானது. நம் கிராமங்களில் கோபுரங்கள் தள்ளித் தள்ளித்தான் நிற்கும். கோபுரத்தின் குரல் கைபேசிக்கு எட்டினாலும், சிறிய பேட்டரியில் ஓடும் கைபேசியின் குரல் கோபுரத்துக்கு எட்டாது. இரு கோபுரங்களுக்கு இடையே 6 கிலோமீட்டர் இருந்தாலும் 5ஜி இயங்க வேண்டும் என்ற சோதனையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கட்டாயமாக்கியதே இந்தியாவின் வலியுறுத்தலால்தான். கைபேசியின் குரலைக் கூட்டும் நுட்பத்தை நம்மவர்கள் கண்டார்கள். 2020இல் ஒன்றியம் 5ஜிஐயைத் தகுதியான தொழில்நுட்பமாக ஏற்றது.

ஆனால் உலகம் முழுவதும் 3ஜிபிபி அமைப்பு எழுதிய தரத்தில் கைபேசி செய்யும்போது, இந்தியாவுக்கு மட்டும் தனிச் சில்லு யார் செய்வார்? கைபேசி விலை ஏறும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எதிர்த்தன. அந்த அச்சம் சரியானது. வைமேக்ஸ் கண்ட முடிவும் அதுவே. 2021 டிசம்பரில் 5ஜிஐயின் கூறுகளைப் பொதுத் தரத்தோடு இணைக்க உடன்பாடு ஏற்பட்டது. சிலர் அதைத் தோல்வி என்றார்கள். தனியாக நின்றிருந்தால் சில ஆயிரம் கோபுரங்களோடு முடிந்திருக்கக்கூடிய ஒரு கருத்து, உலகத் தரத்தின் பக்கங்களுக்குள் போனது என்றே நான் பார்க்கிறேன்.

2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது ஜியோவும் ஏர்டெல்லும் வெவ்வேறு வழியில்தான் போயின. ஏர்டெல் தன் 4ஜி வலையமைப்பின் மையத்தின் மேலேயே 5ஜியை ஏற்றியது. ஜியோ 5ஜிக்கென்றே தனி மையம் கட்டியது. தன் 5ஜி சேவையின் பரப்புக்காக 700 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மட்டும் 39,270 கோடி ரூபாய் கொடுத்தது. இரண்டும் ஒரே தரத்தின் இரு வடிவங்கள் என்பதால் இதில் யாரும் அழிய மாட்டார்கள். ஏர்டெல் பிறகு தனி மையத்துக்கும் நகரத் தொடங்கியது.

6ஜிக்கான ஆய்வுகள் 3ஜிபிபியில் தொடங்கிவிட்டன. அந்த அமைப்பின் ஏழு பங்காளிகளில் டிஎஸ்டிஎஸ்ஐயும் ஒன்று. முதல் விதிமுறைகள் எழுதப்பட இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. 5ஜிஐ போல எல்லாம் எழுதி முடித்தபின் தனித் தாளை நீட்டுவதற்குப் பதில், அந்த 6 கிலோமீட்டர் கோரிக்கையோடும் கிராமத்துக் கோபுரத்தில் எடுத்த அளவீடுகளோடும் நம் பொறியாளர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கான பயணச் செலவையும் சம்பளத்தையும் அரசு இந்த ஆண்டே ஒதுக்க வேண்டும்.